500 கோடி ஆண்டு கழித்தும் ஒலிக்கும் பாட்டு: எதிர்காலக் கதைகளில் நம் காலத்தின் ரசிகர்கள்

பூமி அழியப்போகிற நாள். சூரியன் வீங்கிப் பெருத்து அதை விழுங்கக் காத்திருக்கிறது. அந்தக் காட்சியை வேடிக்கை பார்ப்பதற்காகவே பிரபஞ்சத்தின் பெரும் பணக்காரர்கள் ஒரு விண்வெளி மேடையில் கூடியிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருத்தி கஸாண்ட்ரா. கடைசி மனிதப் பிறவி தான்தான் என்று பீற்றிக்கொள்பவள். பூமியின் நினைவாக இரண்டு பொருள்களைக் கொண்டுவந்திருக்கிறாள். ஒன்று, நெருப்புக்கோழி முட்டை. அந்தப் பறவைக்கு ஐம்பதடி இறக்கை இருந்ததாம். மூக்கு வழியாக நெருப்பைக் கக்குமாம். இரண்டாவது, ஆளுயர ஜூக்பாக்ஸ் ஒன்று. பழைய ஆவணங்களின்படி அதன் பெயர் ஐபாட் என்கிறாள். மனித குலத்தின் மாபெரும் மேதைகள் இயற்றிய செவ்வியல் இசை அதற்குள் இருப்பதாக அறிவிக்கிறாள். பொத்தானை அழுத்தினால், 1981இல் நடன அரங்குகளை அதிரவைத்த 'டெயின்டட் லவ்' ஒலிக்கிறது. பூமி வெடிக்கும் நேரம் நெருங்கியதும் மரபான பாடலொன்றோடு விடைகொடுப்போம் என்கிறாள். வருவது பிரிட்னி ஸ்பியர்ஸின் 'டாக்ஸிக்'.

2005 ஏப்ரலில் ஒளிபரப்பான 'டாக்டர் ஹூ' தொடரின் அத்தியாயம் இது. கதை நடப்பது 500 கோடி ஆண்டுகளுக்கு அப்பால். 'டாக்ஸிக்' அப்போது ஓராண்டுப் பழைய பாட்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். கஸாண்ட்ராவைப் போன்ற பாத்திரங்கள் அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை உலகில் ஒரு தனி ஜாதி. 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் விமானி டாம் பாரிஸ் 24ஆம் நூற்றாண்டுக்காரன், ஆனால் 20ஆம் நூற்றாண்டின் கார்கள், தொலைக்காட்சிப் பெட்டி, கறுப்பு வெள்ளைச் சாகசத் தொடர்கள் என்றால் உயிரை விடுவான். 1993இல் வந்த 'டெமாலிஷன் மேன்' படத்தில் 2032ஆம் ஆண்டின் போலீஸ் அதிகாரி லெனினா, தான் பிறப்பதற்கு முந்தைய வன்முறைப் படங்களின் சுவரொட்டியால் அலுவலகத்தை அலங்கரித்து வைத்திருக்கிறாள். அவள் ஊர் வானொலியில் 'பொன்னான பழைய பாடல்கள்' என்ற பெயரில் ஓடுவதெல்லாம் பழைய விளம்பரப் பாட்டுகள். 2016இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்' படத்தில் பீஸ்டி பாய்ஸின் 1994ஆம் ஆண்டு ராப்-ராக் பாட்டு ஒன்று விண்வெளிப் போரின் நடுவே அலறுகிறது. 'செவ்வியல் இசையா?' என்று கேட்கிறார் மருத்துவர். ஆமாம் என்று பதில் வருகிறது.

நூற்றாண்டுகள் கடந்தும் நம் பாட்டையும் படத்தையும் நேசிக்க ஆள் இருப்பார்கள் என்று இந்தக் கதைகள் நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எதிர்கால மனிதர்கள் எதை விரும்புவார்கள் என்பதைத் தீர்மானிப்பவை எதிர்காலத்தைப் பற்றிய சிந்தனைகள் அல்ல. எழுதுகிறவரின் வயது, தயாரிப்பு நிறுவனத்தின் வழக்கறிஞர், படப்பிடிப்பின் செலவு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அதை முடிவுசெய்கின்றன. இந்த மூன்றையும் தாண்டி யோசித்த கதைகள் கொஞ்சமே. அவற்றில் நம்மை அப்படியே நேசிக்கும் ரசிகர் ஒருவரும் இல்லை. தப்பாகப் புரிந்துகொள்கிறவர்களும், அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர்களும்தான் இருக்கிறார்கள்.

யாருடைய இளமை?

முதலில் எழுத்தாளரின் சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழும் ஒருவன் ஓய்வு நேரத்தில் என்ன கேட்பான், என்ன பார்ப்பான்? புதிதாக ஒரு கலையைக் கற்பனை செய்வது கடினம். செய்தாலும் பார்வையாளருக்கு ஒட்டாது. திரையில் வரும் 'எதிர்கால இசை' பத்து ஆண்டுகளிலேயே வேறெதையும்விடப் பழசாகத் தெரியத் தொடங்கிவிடும். அதைவிட, பாத்திரத்துக்குப் பழமை மோகம் என்று வைத்துவிட்டால் வேலை எளிது. அவன் நம்மைப் போலப் பேசுவதற்கும், நமக்குத் தெரிந்த நகைச்சுவையைச் சொல்வதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. நமக்கும் அவனுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

எந்தப் பழமை என்பதில்தான் எழுத்தாளரின் வயது எட்டிப்பார்க்கிறது. எர்னஸ்ட் கிளைன் 2011இல் வெளியிட்ட 'ரெடி பிளேயர் ஒன்' நாவலில் 2040களின் பதின்பருவத்துப் பையன்கள் 1980களின் வீடியோ விளையாட்டு, திரைப்படம், பாட்டு எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். காரணம், ஜேம்ஸ் ஹாலிடே என்ற கோடீஸ்வரர் தன் இளமையின் ரசனைகளை வைத்துப் புதிர்கள் அமைத்து, விடை கண்டுபிடிப்பவருக்குத் தன் சொத்து முழுவதையும் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனது. ஹாலிடே பிறந்த ஆண்டு 1972. கிளைன் பிறந்த ஆண்டும் 1972.

இந்த நாவலைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கும் அதன் பட்டியல்கள் அலுப்பூட்டின. ஆனால் ஒரு விஷயத்தில் அது மற்ற கதைகளைவிட நேர்மையானது. அந்தப் பையன்கள் 1980களைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பணம் இருக்கிறது, படிக்கிறார்கள். ரசனையைப் போட்டித் தேர்வுக்கான பாடத்திட்டம் போல மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு தலைமுறையின் இளமை அடுத்த தலைமுறையின் மேல் ஏற்றப்படுவதற்குப் பின்னால் சொத்தும் அதிகாரமும் உண்டு என்பதை, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது.

இளமையின் பிடி எவ்வளவு வலுவானது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குச் சுமார் இருபத்து மூன்றரை வயதில் வெளியான பாடல்களே பிற்காலத்தில் மிகவும் பிடித்தவையாக இருந்தன. நம் விவாதத்துக்கு அதைவிடச் சுவையானது 2013இல் கரோல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் செய்த ஆய்வு. இருபது வயதுச் சுற்றில் இருந்தவர்களுக்குப் பழைய பாடல்களைப் போட்டுக்காட்டியபோது, தங்கள் காலத்துப் பாடல்கள் மட்டுமல்ல, பெற்றோரின் இளமைக்காலத்துப் பாடல்களும் அவர்களிடம் நினைவையும் உணர்ச்சியையும் கிளப்பின. 1960களின் பாடல்களிலும் அப்படியொரு சிறு மேடு தெரிந்தது. வீட்டில் ஒலித்தது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்கிறது. தான் வாழாத காலத்தின் மேல் ஏக்கம் கொள்வது கதையாசிரியரின் கற்பனை மட்டுமல்ல என்பதற்கு இது சான்று. ஆனால் இந்தத் தொற்று ஒரு வீட்டுக்குள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் நடப்பது. முந்நூறு ஆண்டுக்கு நீளும் என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

குறுகிய காலத்துக்கு மட்டும் கணித்தவர்கள் சரியாகவே கணித்தார்கள். 1989இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' இரண்டாம் பாகம், 2015இல் 1980களை நினைவூட்டும் ஓர் உணவகம் இருக்கும் என்றது. அந்தப் படம் சொன்ன பறக்கும் கார்கள் வரவில்லை. 1980களின் மீதான ஏக்கம் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காட்சியில் ஒரு நல்ல குத்தலும் உண்டு. கதாநாயகன் பெருமையோடு பழைய துப்பாக்கி விளையாட்டை ஆடிக்காட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் சிறுவர்கள், 'கையை வைத்து ஆட வேண்டுமா? இது குழந்தைகள் விளையாட்டு' என்று முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இனி வழக்கறிஞர். டாம் பாரிஸ் உயிராக நேசிக்கும் 'கேப்டன் புரோட்டான்' என்ற 1930களின் சாகசத் தொடர் உண்மையில் இருந்ததே கிடையாது. அந்தக் காலத்து விண்வெளிச் சாகசத் தொடர்களின் சாயலில் தயாரிப்பாளர்களே உருவாக்கிக்கொண்டது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் தலைவர் பிக்கார்ட் வேடம் போட்டு மகிழும் 'டிக்ஸன் ஹில்' என்ற துப்பறிவாளனும் அப்படித்தான். சொந்தமாக ஒரு போலியைச் செய்துகொண்டால் யாருக்கும் உரிமத் தொகை தர வேண்டாம். 'ரெடி பிளேயர் ஒன்' 2018இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கையில் படமானபோது நாவலில் இருந்த ஜப்பானியச் சாகச நாயகன் அல்ட்ராமேன் காணாமல் போனான். அவன் மீதான உரிமை வழக்கில் சிக்கியிருந்தது. 'பிளேடு ரன்னர்' படத்தை மையமாகக் கொண்ட பகுதிக்குப் பதில் 'தி ஷைனிங்' வந்தது. 'பிளேடு ரன்னர்' படத்தின் அடுத்த பாகம் அப்போது தயாரிப்பில் இருந்ததால் அதைப் பயன்படுத்த வழியில்லை. 2045ஆம் ஆண்டின் ரசிகன் எதைப் பூஜிப்பான் என்பதை 2010களின் ஒப்பந்தங்கள் தீர்மானித்தன.

'நம் காலம்' என்று இந்தக் கதைகள் சொல்லும்போது அதற்குள் யார் யார் அடக்கம் என்பதையும் கேட்டுவிடலாம். அமெரிக்க நகர்ப்புறத்துப் பதின்பருவத்துப் பையன் பார்த்ததும் கேட்டதும்தான் பெரும்பாலும் அது. அரபு உலகம் முழுவதும் மாதந்தோறும் வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கேட்ட எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் கச்சேரிகளையோ, சோவியத் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த ராஜ் கபூரின் 'ஆவாரா'வையோ தேடி அலையும் விண்கலத் தலைவரை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவற்றைத் தேடுகிறவர் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

நடுவில் என்ன ஆயிற்று?

இந்தக் கதைகளில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் கேள்வி வேறு. 20ஆம் நூற்றாண்டுக்கும் 24ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே ஒரு நல்ல பாட்டுகூட வரவில்லையா? டாம் பாரிஸுக்கு 2200களின் தொடர் எதுவும் பிடிக்காதா? இடைப்பட்ட நூற்றாண்டுகள் துடைத்து வைத்தாற்போலக் காலியாக இருக்கின்றன. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எழுத்தாளர்கள் 1988இல் ஓர் அத்தியாயத்தில் இதற்குப் பாதிப் பதில் தந்தார்கள்: தொலைக்காட்சி என்ற பொழுதுபோக்கு 2040க்கு மேல் நீடிக்கவில்லை என்று அதில் ஒரு பாத்திரம் சொல்கிறது. ஊடகமே செத்துவிட்டால் அதன் கடைசி நாள்கள் பொற்காலமாகத் தெரிவது இயல்புதான். மற்றவர்கள் பதில் சொல்ல முயலவே இல்லை.

தரவரிசையும் அப்படித்தான். நாம் இன்று மதிப்பதையே அவர்களும் மதிப்பார்கள் என்று பெரும்பாலான கதைகள் எடுத்துக்கொள்கின்றன. 1986இல் வந்த நான்காவது 'ஸ்டார் ட்ரெக்' படம் மட்டும் இதை ஒரே வசனத்தில் கலைத்துப் போட்டது. 20ஆம் நூற்றாண்டு இலக்கியம் என்று விண்கலத் தலைவர் கெர்க் எடுத்துக்காட்டுவது ஜாக்குலின் சூசனையும் ஹெரால்ட் ராபின்ஸையும். இருவரும் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தவர்கள், விமர்சகர்கள் கண்டுகொள்ளாதவர்கள். அவருடைய சகா ஸ்பாக் பக்தியோடு தலையசைத்து, 'ஆ, ஜாம்பவான்கள்' என்கிறார்.

சிரிப்புக்காகச் சொன்னது என்றாலும் வரலாறு அப்படித்தான் நடந்துகொள்கிறது. 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரையரங்கில் பெரிய வெற்றி பெறவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. இன்று அமெரிக்காவில் அது தவிர்க்க முடியாத பண்டிகைப் படம். அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு படிவத்தை அனுப்பியிருந்தால் இன்று அந்தப் படத்தை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் அறிந்திருப்பார்கள்.

பிக்ஸாரின் 'வால்-ஈ' 2008இல் இதையே கதைக்குள் கொண்டுவந்தது. மனிதர்கள் விட்டுப்போன பூமியில் குப்பை அள்ளும் ஒரு சின்ன இயந்திரம் எழுநூறு ஆண்டுகளாகத் தனியாக வேலை பார்க்கிறது. அதன் கையில் அகப்பட்ட ஒரே படம், ஒரு வீடியோ கேசட்டில் இருக்கும் 'ஹலோ, டாலி!' என்ற 1969ஆம் ஆண்டு இசைப்படம். ஐபாடின் குட்டித் திரைக்கு முன்னால் பூதக்கண்ணாடி ஒன்றை நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது. குப்பையில் கிடந்த கார்ச் சக்கர மூடியைத் தொப்பியாக்கி, திரையில் ஆடுபவர்களைப் பார்த்து ஆடுகிறது. ஒருவர் கையை மற்றவர் பிடிப்பதுதான் அன்பு என்று அந்தப் படத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. 'ஹலோ, டாலி!' வெளியான காலத்தில் பெரும் செலவில் எடுக்கப்பட்டு, போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க முடியாமல் போன படம். எந்தத் 'தலைசிறந்த நூறு' பட்டியல்காரரும் மனிதகுலத்தின் சார்பில் அதை அனுப்பிவைத்திருக்க மாட்டார். அந்தக் கேசட் பிழைத்தது, அவ்வளவுதான்.

இதே இயந்திரம் மோதிரப் பெட்டி ஒன்றைக் கண்டெடுக்கும் காட்சியும் உண்டு. மூடி திறந்து மூடுவதை ரசிக்கிறது. உள்ளே இருந்த வைர மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது. கரண்டிகளை ஒரு பக்கமும் முட்கரண்டிகளை ஒரு பக்கமும் அடுக்கி வைத்திருக்கும் அதனிடம், இரண்டும் கலந்த பிளாஸ்டிக் கரண்டி ஒன்று வந்து சேர்கிறது. இங்கே கொண்டுபோய், அங்கே கொண்டுபோய், கடைசியில் இரண்டுக்கும் நடுவில் தனியாக வைக்கிறது. நம் பொருள்களின் மேல் உண்மையான ஆர்வம் கொண்ட ஒருவர், அவற்றின் விலையும் பெயரும் தெரியாதபோது எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான நையாண்டியை டேவிட் மெக்காலே 1979இலேயே எழுதி வரைந்துவிட்டார். அவருடைய 'மோட்டல் ஆஃப் தி மிஸ்ட்ரீஸ்' நூலில் 4022ஆம் ஆண்டின் தொல்லியல் ஆர்வலர் ஒருவர் புதைந்துபோன தங்கும் விடுதி அறை ஒன்றைத் தோண்டியெடுக்கிறார். படுக்கையில் கிடக்கும் எலும்புக்கூட்டுக்கு எதிரே இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியை மாபெரும் பலிபீடம் என்று முடிவுகட்டுகிறார். கழிப்பறை இருக்கையைப் புனித ஆரமாகக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எகிப்தியக் கல்லறைகளைத் திறந்தவர்களின் பெருமிதத்தைக் கேலி செய்யும் நூல் இது. பலிபீட விஷயத்தில் அந்த ஆள் முழுக்கத் தவறிவிட்டதாகவும் தோன்றவில்லை.

நினைவிலிருந்து ஒரு கார்ட்டூன்

இந்த வகையில் வந்த ஆக்கங்களிலேயே ஆழமானது என்று நான் கருதுவது ஒரு மேடை நாடகம். ஆன் வாஷ்பர்ன் எழுதிய 'மிஸ்டர் பர்ன்ஸ்' 2012இல் வாஷிங்டனில் முதன்முதலாக மேடையேறியது. மின்சாரம் போய்விட்டது. அணு உலைகள் பழுதாகி நாடே சிதைந்துவிட்டது. பிழைத்த சிலர் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் 1993ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றை நினைவுகூர முயல்கிறார்கள். ஒருவர் ஒரு வசனத்தைச் சொல்ல, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் வேறோர் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கதை மெல்ல உருவாகிறது. பயத்தை மறக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே துணை அதுதான்.

இரண்டாம் அங்கத்தில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது அவர்கள் ஒரு நாடகக் குழு. கார்ட்டூன் அத்தியாயங்களை மேடையில் நடிக்கும் குழுக்கள் பல கிளம்பியிருக்கின்றன. மறந்துபோன வசனம் யாருக்காவது நினைவிருந்தால் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எந்த அத்தியாயம் எந்தக் குழுவுக்குச் சொந்தம் என்பதில் சண்டை நடக்கிறது. காப்புரிமை என்பது உலகம் அழிந்தபின்னும் திரும்பி வந்துவிடுகிறது. நாடகத்தின் நடுவே விளம்பரங்களையும் நடித்துக் காட்டுகிறார்கள். வெந்நீர்க் குளியலும் குளிர்ந்த பானமும் அந்த விளம்பரங்களில் வருகின்றன. பார்க்க வருகிறவர்களுக்குக் கதையைவிட அந்த வெந்நீர்தான் ஏக்கம்.

மூன்றாம் அங்கம் இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து. கார்ட்டூனை நேரில் பார்த்த ஒருவரும் உயிரோடு இல்லை. நகைச்சுவை முற்றாக வற்றிவிட்டது. முகமூடியும் பாட்டுமாக அது ஒரு சடங்கு நாடகமாகிவிட்டது. வில்லனாக வர வேண்டியவன் போய், அணு உலை முதலாளியான பர்ன்ஸ் அந்த இடத்தில் வந்து நிற்கிறான். பேரழிவுக்குக் காரணமானவன் யார் என்று அந்த மக்களுக்குத் தெரியும். தங்களுக்குத் தேவையான கதையை அந்தப் பழைய எலும்புக்கூட்டின் மேல் கட்டிக்கொண்டுவிட்டார்கள். கஸாண்ட்ராவின் அறியாமை நம்மைச் சிரிக்க வைக்கிறது. வாஷ்பர்னின் நாடகம் அந்த அறியாமை எப்படிப் படிப்படியாக உருவாகிறது, அதில் மனிதர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டுகிறது.

தொலைக்காட்சியில் இதற்கு ஓரளவு அருகில் வந்தது 'தி ஆர்வில்' தொடரின் 2019ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்று. 2015இல் புதைத்த காலப்பேழையிலிருந்து ஒரு ஸ்மார்ட்போன் கிடைக்கிறது. லாரா என்ற இளம்பெண் தன் வாழ்க்கையே அதற்குள் இருக்கிறது என்று சொல்லி விட்டுச்சென்றது. விண்கலத்தின் விமானி கார்டன் அதிலிருந்த செய்திகளையும் படங்களையும் கணினிக்குக் கொடுத்து அவள் உலகத்தை அப்படியே உருவாக்கி, உள்ளே நுழைந்து, அவள்மேல் காதல் கொண்டுவிடுகிறான். அவளுக்கு கிரெக் என்றொரு முன்னாள் காதலன். அவன் திரும்பி வந்துவிட, எரிச்சலில் கார்டன் அவனை நிரலிலிருந்து அழித்துவிடுகிறான். மறுபடி உள்ளே போனால் லாரா பாடுவதையே விட்டிருக்கிறாள். மேடையேறத் துணிவு தந்தவன் அந்த கிரெக்தான். நம் காலத்தைப் பற்றிய கற்பனை ரசிகர்கள் பலரும் கார்டன் செய்ததைத்தான் செய்கிறார்கள்: பிடித்த பாட்டை வைத்துக்கொண்டு, அதை உண்டாக்கிய எரிச்சலூட்டும் சூழலை அழித்துவிடுகிறார்கள். கார்டனுக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது.

கேசட் இருக்கிறது, பெட்டி இல்லை

ரசிகர் இருந்தால் மட்டும் போதாது, ரசிக்கும் பொருள் இருக்க வேண்டும். ஜப்பானிய அசைவூட்டத் தொடரான 'கௌபாய் பீபாப்' 1998இலேயே இதைப் பிடித்தது. 2071ஆம் ஆண்டில் நாயகர்களுக்கு ஒரு பழைய வீடியோ கேசட் வந்துசேர்கிறது. அதை ஓட்டும் கருவி வைத்திருக்கும் சேகரிப்பாளரிடம் கொண்டுபோனால், படம் சரியாகத் தெரியவில்லை என்று நாயகன் கருவியை உதைத்து உடைத்துவிடுகிறான். பிறகு இடிந்துபோன பூமிக்கு வந்து, பாழடைந்த அருங்காட்சியகம் ஒன்றின் அடித்தளத்திலிருந்து ஒரு கருவியைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். அது வி.எச்.எஸ். கருவி. கேசட்டோ அதில் ஓடாத போட்டி வடிவமான பீட்டாமேக்ஸ். உண்மையில் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவிகளின் உற்பத்தியை 2002இல் நிறுத்தியது. வெற்றிபெற்ற வி.எச்.எஸ்.கூட 2016இல் முடிந்துபோனது. 2071 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இழப்பின் அளவைக் கதாசிரியர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்களில் மூல வடிவில் எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக 2013இல் தயாரான ஆய்வு கூறியது. சிதைந்த உலகம் எதுவும் இடையில் வரவில்லை. ஒரு நூற்றாண்டு போதுமானதாக இருந்தது. இணையத்தின் கதை இன்னும் மோசம். மைஸ்பேஸ் தளம் 2015ஆம் ஆண்டு வரை தன்னிடம் பதிவேற்றப்பட்ட பாடல்களில் 5 கோடிக்கும் மேற்பட்டவற்றை சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக 2024இல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது.

வேண்டுமென்றே எதிர்காலத்துக்குப் பொருள் அனுப்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓகல்தார்ப் பல்கலைக்கழகத்தில் 1940இல் மூடி முத்திரையிட்ட நிலவறை ஒன்று 8113இல்தான் திறக்கப்பட வேண்டும். உள்ளே பெரும் நூல் தொகுதிகளின் நுண்படங்களோடு ஒரு டொனால்ட் டக் பொம்மையும் இருக்கிறது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் பாக், பீத்தோவனோடு சக் பெர்ரியின் ராக் பாட்டு ஒன்றும் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் இடம்பெற்றன. இவையெல்லாம் குழு கூடிப் பேசித் தேர்ந்தெடுத்தவை. குழு தேர்ந்தெடுத்த பொருள் மட்டும் பிழைத்தால் வருங்காலத்தவர் நம்மை மிகவும் கண்ணியமானவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடைமுறையில் பண்பாட்டுக் குப்பையைக் காப்பாற்றியவர்கள் வேறு ஆட்கள். 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தை அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. 'டிராகுலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதற்காக அதன் ஆசிரியரின் மனைவி தொடுத்த வழக்கு அது. வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்க முடிகிறது. பிலடெல்பியாவில் வாழ்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை வீட்டில் பல பெட்டிகளை இரவும் பகலும் ஓடவிட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவுசெய்தார். சுமார் 70,000 கேசட்டுகள். அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இன்று அவை இணைய ஆவணக் காப்பகமான 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' வசம் இருக்கின்றன.

'டாக்டர் ஹூ' தொடரும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. பி.பி.சி. நிறுவனம் 1960களின் அத்தியாயங்களைப் பதிவுசெய்த நாடாக்களை, இடமும் பணமும் மிச்சம் என்று துடைத்து மறுபடி பயன்படுத்திக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் இவ்வாறு தொலைந்தன. 2013இல் அவற்றில் ஒன்பது நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்தன. படம் கிடைக்காத அத்தியாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு மட்டும் உண்டு. ஒளிபரப்பான அன்று வீட்டிலிருந்த ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்துகொண்டது அது. நெருப்புக் கக்கும் பறவையையும் ஜூக்பாக்ஸ் ஐபாடையும் கற்பனை செய்த தொடர், தன் சொந்த வரலாற்றுக்காக இந்த ரசிகர்களின் ஒலிநாடாக்களை நம்பியிருக்கிறது.

கதைகளில் இந்த இடைப்பட்ட ஆள் வருவதே இல்லை. 24ஆம் நூற்றாண்டின் டாம் பாரிஸுக்கு ஒரு பழைய தொடர் கிடைக்க வேண்டுமென்றால், 21ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் அதைப் பிரதியெடுத்து ஒளித்து வைத்திருக்க வேண்டும். 22இல் இன்னொருவர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இப்போது அந்த வேலை கடினமாகிவருகிறது. சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களில் நம் கையில் பிரதி என்று எதுவும் தங்குவதில்லை. 2022இல் ஹெச்.பி.ஓ. மேக்ஸ் தளம் தானே தயாரித்த தொடர்கள் உட்படப் பலவற்றை நீக்கியபோது, சந்தாதாரர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்குக் காட்டியது. அவற்றை நூலகங்கள் தொலைவிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட விதிவிலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது. ஆகவே எதிர்காலத்தில் நம் காலத்துக்கு ஒரு ரசிகர் உண்மையிலேயே தோன்றினால், அவர் கையில் இருக்கும் பிரதி பெரும்பாலும் யாரோ சட்டத்தை மீறி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்ததாகத்தான் இருக்கும்.